சால்வைக்கும் மோதிரத்துக்கும் ஒன்றரை லட்சம் வேண்டாம் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆற்றங்கரையான் (2 செப்டம்பர் 2025)

எங்கள் செட்டுக்குள் ஒரு வாரமாக நடக்கும் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1997-ல் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்தவர்கள் 62 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஆசிரியர் தினத்தை ஒட்டி வரும் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து, எங்களுக்குப் பாடம் எடுத்த ஒன்பது பேரை அழைத்து மரியாதை செய்யப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம், ஒரு கிராம் மோதிரம், எல்லோருக்கும் இலைச் சாப்பாடு. ஒன்றரை லட்சம் சேர்ந்துவிட்டது.

நான்தான் வேண்டாம் என்கிறேன். நாங்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை படித்த ஒன்றியத் தொடக்கப் பள்ளி அதே இடத்தில் இருக்கிறது. இப்போது 41 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக அங்கே போயிருந்தேன். ஹெச்.எம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று போய்விட்டார். இன்னொரு டீச்சர் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள நிலைப்படியில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பி ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வைத்தார். அந்தப் பக்கம் திரும்பிச் சின்னப் பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தார். நான் இருந்த அரை மணி நேரமும் அவர் உட்காரவில்லை.

ஊரிலேயே ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாதம் பத்தாயிரம் கொடுத்தால் ஒரு கல்வியாண்டுக்கும் மேலாக மூன்றாவது ஆளை வைக்கலாம். நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இதைவிட என்ன மரியாதை இருக்கிறது? இதைச் சொன்னதற்குக் குழுவில் நன்றி கெட்டவன் என்று எழுதிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


கடைசிபெஞ்ச்

நன்றி கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. ஆனால் நீங்கள் சொல்வது தவறு.

1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987-லிருந்து கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதோடு வரைபடம், உலக உருண்டை, அறிவியல் சாமான், விளையாட்டுப் பொருள். எங்கள் பள்ளிக்கும் ஒரு மரப்பெட்டி வந்தது. நான் அப்போது நாலாவது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்கி, எல்லாவற்றையும் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பீரோ கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. இடைவேளையில் வரிசையாக நின்று அதன் வழியாக உருண்டையைப் பார்ப்போம். பாதிதான் தெரியும், நீலமாக.

எங்கள் டீச்சர் ஒரு நாள் போய்ச் சாவி கேட்டார். கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்டார். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உருண்டை எங்கள் வகுப்புக்கு வந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்தார். "நம்ம ஊர் எங்க டீச்சர்?" என்று கேட்டோம். சுண்டுவிரல் நகத்தை ஓரிடத்தில் வைத்தார். அந்த நகத்துக்கு அடியில் தமிழ்நாடு, கேரளா, இலங்கை எல்லாமே மறைந்துவிட்டன. "இதுக்குள்ள எங்கயோ நாம இருக்கோம்" என்றார். அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்து, உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே விடிகிறது, எங்கே இருட்டுகிறது என்று காட்டினார். எனக்கு இன்றைக்கும் பூமி என்றால் அந்த அறைதான்.

பெட்டி எத்தனையோ பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. பிற்பாடு கல்லூரியில் என்னோடு படித்தவர்களைக் கேட்டேன். பீரோவோடு சரி, வெளியே வந்து பார்த்ததில்லை என்றார்கள் நிறையப் பேர். பெட்டியைத் திட்டம் அனுப்பியது. திறந்தது ஒரு மனுஷி. அந்த மனுஷியை நிற்க வைத்துக் கும்பிடுவதற்கு எவ்வளவு செலவானாலும் தகும்.

எங்கள் செட் 2019-ல் அவரை அழைத்தது. மேடையில் பேசச் சொன்னோம். பேசவில்லை. மனப்பாடமாக வருகைப் பதிவேட்டை வாசிக்க ஆரம்பித்தார், அதே வரிசையில். நாங்கள் நாற்பது வயதில் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா" சொல்கிறோம். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. அவன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு மத்தியானத்துக்காக நான் எதையும் கொடுப்பேன். பத்தாயிரம் சம்பளத்தில் ஆள் வைப்பது நல்ல காரியம். அதை அதன் கணக்கில் செய்யுங்கள், இதை இதன் கணக்கில் செய்யுங்கள்.


இருபிள்ளைஅம்மா

உங்கள் டீச்சருக்கு நானும் கும்பிடு போடுகிறேன் சார். ஆனால் ஒன்பது பேரையும் ஒரே தட்டில் வைத்துச் சால்வை போர்த்துகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏழாவதில் எனக்குக் கணக்கு எடுத்தவர் டஸ்டரைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் விரல் முட்டியில் அடிப்பார். கணக்குத் தப்பினால் மட்டுமில்லை, நாற்பது பக்க நோட்டு வாங்க வழியில்லாமல் இருபது பக்க நோட்டில் எழுதினாலும் அடிதான். மார்கழி மாதக் காலையில் அந்த அடி எப்படி வலிக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். நான் கணக்கையே வெறுத்தேன். பதினொன்றில் கணக்கு இல்லாத குரூப் தேடிப் போனேன். எங்கள் செட்டும் விழா எடுத்தது. "அவர் அடிச்சதாலதான் நாம உருப்பட்டோம்" என்று மேடையில் பேசினார்களாம். நான் போகவில்லை. உருப்படாமல் போனவர்கள் மேடைக்கு வருவதில்லையே, அவர்களை யார் கேட்டார்கள்?

இப்போது கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையும் மனத்துன்பமும் கூடாது என்று இருக்கிறது. நல்லது. ஆனால் அடி நின்றதும் படிப்பு வந்துவிட்டதா? என் சின்னவன் ஐந்தாவது, அரசுப் பள்ளிதான். நாலு வரி சேர்ந்தாற்போலப் படிக்க வரவில்லை. அவன் ஆசிரியர் தங்கமானவர். எப்போது போனாலும் கைப்பேசியில் ஏதோ பதிவேற்றிக்கொண்டிருக்கிறார், இல்லையென்றால் பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

நேற்று, செப்டம்பர் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பணியில் இருப்பவர்களும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இரண்டு வருடம் அவகாசம். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்கும் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. நான் இதை வரவேற்கிறேன். என் பிள்ளை ஒவ்வொரு பருவமும் தேர்வு எழுதுகிறான். அவனுக்குச் சொல்லித்தருகிறவர் ஒரு தடவை எழுதட்டும்.


பனங்காடு

மேடம் சொல்வதுதான் சரி. சால்வையை முதலில் நிறுத்துங்கள்.


சாக்பீஸ்தூள்

நான் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிற இடைநிலை ஆசிரியை. 19 வருடமாகிறது. ஆற்றங்கரையான் பார்த்த நிலைப்படியில் நானும் தினமும் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பீரோ. பூட்டி வைத்த ஹெச்.எம்.மை யாரும் குறை சொல்லவில்லை என்றாலும், கதையில் அவர்தான் கெட்டவராக நிற்கிறார். பள்ளியில் இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உலக உருண்டை 1 என்று அதில் ஏறிவிட்டால், அவர் மாறுதலில் போகும்போது உலக உருண்டை 1 என்று ஒப்படைக்க வேண்டும். உடைந்தால் கழிவுப் பட்டியலுக்கு எழுதி, ஆய்வுக்கு வருகிறவருக்கு விளக்கம் சொல்லி, சில நேரம் கைக்காசைப் போட்டு வாங்கி வைக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டால் உடையும் என்பது தெரிந்துதானே பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள்? உடைவதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் பீரோ திறந்தே இருந்திருக்கும். அந்த டீச்சரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு உருண்டையை வெளியே எடுக்க ஒரு ஆசிரியைக்குத் துணிச்சல் தேவைப்பட்டதே, அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

அடுத்து, மூன்றாவது ஆள். ஆற்றங்கரையான் சார், உங்கள் பள்ளியில் காலிப்பணியிடம் இருப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61-லிருந்து 90 வரை மூன்று. உங்களிடம் 41. சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் பள்ளி நிறைவாக இருக்கிறது. சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் எந்த நேரமும் குறைந்தது மூன்று வகுப்பு தானாகத்தான் இருக்கும்.

இதற்கு வழியே தேடவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. வகுப்புப் பிரிக்காமல் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏணி ஏறுவார்கள். சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதுவதற்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு சதுரம். என் பெயர் எழுதிய இடம் என்று காலையில் வந்ததும் ஓடிப்போய்த் துடைப்பார்கள். பல வகுப்பை ஒருவர் நடத்தும் பள்ளிக்காகவே யோசித்த முறை அது. குறைகள் இருந்தன, அட்டை கிழிந்தால் மறு அட்டை வருவது பெரும்பாடு. ஆனாலும் நாங்கள் அதில் கை பழகி வரும்போது வேறு வந்தது. 2022-லிருந்து எண்ணும் எழுத்தும்: படிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பயிற்சி நூல். அதுவும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பயிற்சி, புதுப் பதிவு. இருபிள்ளைஅம்மா பார்த்த கைப்பேசி அதுதான். வருகை, மதிப்பீடு, காலணி அளவு வரை எமிஸ் என்கிற துறையின் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும்.

அதே சட்டத்தில் 27-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரைக் கற்பித்தல் அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது. தேர்தல் என்ற சொல்லுக்குள் வாக்காளர் பட்டியல் வேலை வந்துவிடுகிறது. நான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். நான் வீடு வீடாகப் போகும் நாளில் என் ஐந்து வகுப்பும் ஹெச்.எம். தலையில்.

டெட் பற்றி. நான் 2006-ல் வேலைக்கு வந்தேன். அப்போது டெட் இல்லை, 2010-ல்தான் தகுதியாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு எடுக்க வேண்டும். எழுதிய லட்சக்கணக்கானவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, அதே அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். அந்த மாதிரித் தேர்வுதான் என் 19 வருடத்தை அளக்கும் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. தேர்வுக்குப் பயந்து சொல்லவில்லை, எழுதுவேன். இரவில் உட்கார்ந்து படிக்கப் போகிற அந்த இரண்டு வருடமும் பாடத் தயாரிப்பு குறையும். அது யார் கணக்கில் போகும்?

கடைசியாக, உங்கள் பணத்தில் ஆள் வைக்காதீர்கள். 2022-ல் அரசே பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக இடைநிலை ஆசிரியரை 7,500 ரூபாய்க்கு எடுக்கச் சொன்னது. பத்து வருடம் முன்னால் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாயில் எடுத்தார்கள், ஓவியமும் உடற்கல்வியும் கற்றுத்தருகிற அவர்கள் இன்னும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். குறைந்த கூலியில் ஒருவர் வகுப்பறைக்குள் வந்துவிட்டால், முழுச் சம்பளத்தில் இன்னொருவர் வருவதற்கான பேச்சே நின்றுவிடும். அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்.


ஆற்றங்கரையான்

டீச்சர், 60 பிள்ளைக்கு இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியாது. காலிப்பணியிடம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதை ஏற்க முடியவில்லை. திட்டம் மாறும் வரை அந்த 41 பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா? இப்போது மூன்றாவது படிக்கிறவள் அதற்குள் பத்தாவது போய்விடுவாள்.


வரைபடம்

நான் கல்வித் திட்டமிடல் துறையில் வேலை பார்த்தவன். ஆற்றங்கரையானின் பள்ளிக்கு 2020 தேசியக் கல்விக் கொள்கையில் விடை இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. பள்ளி வளாகம் என்கிறார்கள். ஒரு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியை மையமாக வைத்து, ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் உள்ள சின்னப் பள்ளிகளை எல்லாம் ஒரே தொகுப்பாகப் பார்ப்பது. நூலகம், ஆய்வகம், விளையாட்டு ஆசிரியர், ஓவிய ஆசிரியர், ஆலோசகர் எல்லாம் பொது. ஒரு பள்ளியில் ஆள் விடுப்பு எடுத்தால் தொகுப்பிலிருந்து ஒருவர் வருவார். 41 பிள்ளைகளுக்குத் தனியாக மூன்றாவது ஆசிரியரைக் கேட்டால் எந்த நிதித் துறையும் தராது. தொகுப்பாகக் கேட்டால் தர வழி இருக்கிறது. தமிழ்நாடு இந்தக் கொள்கையையே எதிர்ப்பதால் நல்லதும் சேர்ந்து அடிபடுகிறது.


சாக்பீஸ்தூள்

வரைபடம் சார், தொகுப்பு என்று காகிதத்தில் ஆரம்பிப்பது எங்கள் பக்கம் இணைப்பு என்று முடியும், இணைப்பு மூடல் என்று முடியும். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஆறு வயதுப் பிள்ளை எத்தனை கிலோமீட்டர் நடக்கும்? கல்வி உரிமை விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்நாடு எதிர்ப்பதால் அடிபடுகிறது என்றீர்கள். அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்தும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று, பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை 2024-25-ல் நிறுத்தி வைத்தது யார்? கொள்கைச் சண்டையை நீங்கள் தில்லியிலும் சென்னையிலும் போடுங்கள். பணம் எங்கள் பள்ளிக்கு வர வேண்டியது.


வரைபடம்

நிதியை நிறுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை, அது தவறு. ஆனால் டீச்சர், மூடிவிடுவார்கள் என்ற பயத்தால் 41, 28, 15 என்று பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் பள்ளிகளை அப்படியே வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதன் பலனை அந்த 15 பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.


பதினோராம்வகுப்பு

நான் வயதில் மூத்தவன். 1974-ல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், அப்போது அது பதினோராம் வகுப்பு. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. ஒருவருக்கொருவர் கோபமாக எழுதுகிறீர்கள், ஆனால் நல்ல விஷயங்களை எழுதுகிறீர்கள். என் பங்குக்குக் கொஞ்சம்.

பள்ளி வளாகம் 2020-ல் பிறந்ததில்லை தம்பி. 1964-66-ல் கோத்தாரி குழுவே அதைச் சொன்னது. தேசிய வருமானத்தில் ஆறு சதவீதத்தைக் கல்விக்குக் கொடுக்கச் சொன்னதும் அதே குழுதான். 1968 கொள்கை அதை ஏற்றது, 1986 கொள்கை மறுபடி சொன்னது, 2020 கொள்கையும் ஆறு சதவீதம் என்கிறது. நாலரைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறோம் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அரைநூற்றாண்டாக ஒரே வரியைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குழுக்கள் வந்த வரிசையையும் பாருங்கள். யாருடைய பிறந்த நாளைக் கொண்டாடுகிறோமோ அந்த ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் முதல் குழு, அது பல்கலைக்கழகங்களுக்கு. 1952-ல் லட்சுமணசாமி முதலியார் குழு, உயர்நிலைக் கல்விக்கு. எல்லா நிலையையும் சேர்த்துப் பார்த்த கோத்தாரி குழு அதற்குப் பிறகுதான். மேலிருந்து கீழே வந்தார்கள். பதினான்கு வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, பத்து வருடத்துக்குள் என்று அரசியல் சாசனம் 1950-ல் சொன்னது, சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். ஈராசிரியர் பள்ளி ஈராசிரியர் பள்ளியாகவே இருப்பதன் வேர் இந்த வரிசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திட்டம் என்பது தூரத்தில் நடக்கும் விஷயமில்லை. என் வீட்டுக்குள்ளேயே வந்தது. கோத்தாரி சொன்ன 10+2+3 தமிழ்நாட்டில் 1978-ல் நடைமுறைக்கு வந்தது. என் தங்கை அந்த வருடம்தான் மேலே போக வேண்டியவள். நான் படித்தபோது பதினோராவது வரை உள்ளூர்ப் பள்ளியில் இருந்தது. அவளுக்குப் பத்தோடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துவிட்டது. ப்ளஸ் டூ உள்ள பள்ளிக்கு 18 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். எங்கள் தெருவில் அந்த வருடம் பத்தாவது முடித்த ஏழு பெண்களில் ஒருத்திகூடப் போகவில்லை. ஏழாவது ஆள் என் தங்கை. அப்பாவிடம் நான் வாதாடியிருக்கலாம், வாதாடவில்லை. பிற்பாடு எங்கள் பள்ளியே மேல்நிலையானது, என் தங்கை மகள் அங்கே படித்து நர்ஸ் ஆனாள். அதே திட்டம்தான். முதலில் வந்தவர்களுக்குக் கதவைச் சாத்தியது, அடுத்த தலைமுறைக்குத் திறந்தது. நடுவில் அகப்பட்டவர்களைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது.

ஊர்ப் பணம் பற்றி டீச்சர் சொன்னதில் எனக்கு மாறுபாடு உண்டு. காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவு ஆரம்பித்தபோது ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். அறுவடை முடிந்ததும் எங்கள் அம்மா ஒரு மரக்கால் நெல்லைப் பள்ளிக்கென்று தனியாக எடுத்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக நடந்தது. நாற்காலி, கடிகாரம், நிலம் என்று மக்கள் கொடுத்தார்கள். அதனால் அரசு ஒதுங்கிவிட்டதா? இல்லையே, பள்ளிகள் பெருகின. ஊர் கொடுப்பதால் அரசு மறந்துவிடும் என்பது எப்போதும் உண்மையில்லை அம்மா.


சாக்பீஸ்தூள்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்கு ஊர் நாற்காலி கொடுத்தது, கடிகாரம் கொடுத்தது. ஆசிரியருக்குச் சம்பளத்தை அரசு கொடுத்தது. இன்றைக்கு நேர்மாறாகக் கேட்கிறார்கள். நாற்காலி, தொலைக்காட்சி, கைக்கணினி எல்லாம் வருகிறது, ஆளை ஊர் வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள்.


கடைசிபெஞ்ச்

இது முக்கியமான வித்தியாசம். நான் இதை யோசிக்கவில்லை.


இருபிள்ளைஅம்மா

எல்லாம் சரி. சுற்றிச் சுற்றிச் சட்டம், குழு, சதவீதம் என்று போய்விட்டோம். என் மகன் நாலு வரி படிக்க மாட்டேன் என்கிறானே, அதற்கு யார் பொறுப்பு என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்வதில் பொய் இல்லை என்று தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேலைச்சுமை என்ற ஒரே பதில் வந்தால் பெற்றவள் எங்கே போவாள்? தனியார் பள்ளிக்குத்தான் போவாள். பிறகு அந்த 41 இன்னும் குறையும்.


சாக்பீஸ்தூள்

கோபம் இல்லை மேடம். உங்கள் மகனை நாளைக்கே சரி செய்கிற பதில் என்னிடம் இல்லை. நான் என் பிள்ளைகளிடம் செய்வதைச் சொல்கிறேன். ஐந்தாவதில் படிக்க வராதவனுக்கு ஐந்தாவது புத்தகத்தை நான் கொடுப்பதில்லை. அவமானப்பட்டு வாயை மூடிக்கொள்வான். ஒன்றாவது பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் வேலையை அவனிடம் கொடுப்பேன். அவன் வாசிப்பது இரண்டே வரிக் கதை, ஆனால் அங்கே அவன் அண்ணன். முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியைப் பத்துத் தடவை படித்துவிட்டு வருவான். போன வருடம் ஒருவன் இப்படித்தான் ஏப்ரலில் செய்தித்தாள் தலைப்புப் படித்தான். நிலைப்படியில் நிற்கும் நாளில் இதெல்லாம் முடியாது. மூன்று பேர் இருந்தால் முடியும். பொறுப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவே மாட்டேன். நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்கிறேன்.


வரைபடம்

டீச்சர் சொன்ன இந்த முறையை யாராவது பயிற்சியில் சேர்த்திருக்கிறார்களா?


சாக்பீஸ்தூள்

பயிற்சியில் எங்களைக் கேட்டதில்லை சார்.


ஆற்றங்கரையான் (15 செப்டம்பர்)

நேற்று விழா முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

மோதிரத்தைக் குழு விடவில்லை, சால்வையும் விடவில்லை. நானும் கடைசியில் எதிர்த்துப் பேசவில்லை. கடைசிபெஞ்ச் எழுதிய வருகைப் பதிவேடு மனசில் இருந்தது. ஒன்பது பேரில் ஏழு பேர் வந்தார்கள். எங்கள் தமிழையாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊர் பஸ்ஸில் வருவோம் என்பதை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார். என்னைத் தொட்டுவிட்டு, "நீ நடந்து வருவியே" என்றார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நான் நடந்து வந்தது அவருக்குத் தெரியும் என்று எனக்கு நேற்று வரைக்கும் தெரியாது.

ஆள் வைக்கும் யோசனையை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒரு மனு எழுதினோம். பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஐந்து வகுப்பு நடக்கும் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் வேண்டும் என்று. சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, மாநிலம் கூடுதலாகக் கொடுப்பதை அது தடுக்கவில்லை என்றும் சேர்த்தோம். மாவட்ட ஆட்சியருக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் அனுப்புவதாக உத்தேசம். 51 பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழு ஆசிரியர்களிடமும் நீட்டினோம், ஐந்து பேர் போட்டார்கள். ஒருவருக்குக் கை நடுக்கம், பெருவிரல் ரேகை வைக்கிறேன் என்றார், நாங்கள் வேண்டாம் என்றோம். எங்கள் பழைய ஹெச்.எம். மட்டும் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் ரிட்டயர்டு, எனக்கு ஒண்ணும் வராது. இப்ப இருக்கிற ஹெச்.எம்.முக்கு மெமோ வரும்ப்பா" என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர், அவர் சொல்வது உண்மையா? இன்னும் அனுப்பவில்லை.


சாக்பீஸ்தூள்

வரலாம். அவர் அனுபவத்தில் சொல்கிறார். மனுவில் ஹெச்.எம். பெயரோ, அவர் சொன்னதாக எந்தத் தகவலோ வரக் கூடாது. பிள்ளைகள் எண்ணிக்கையை நீங்களே எண்ணியதாக எழுதுங்கள். பெற்றோர் கையெழுத்தை முதல் பக்கத்தில் வையுங்கள், முன்னாள் மாணவர்கள் இரண்டாவது பக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர். அடுத்த கூட்டத்தில் அவர்களையே தீர்மானம் போடச் சொல்லி, அந்தத் தீர்மான நகலை இணையுங்கள். அப்போது அது ஊரின் மனு. யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது.


இருபிள்ளைஅம்மா

தேர்வு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை டீச்சர், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையான் சார், மனுவின் வாசகத்தை இங்கே போடுங்கள். எங்கள் பள்ளியில் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. நான் அந்தக் குழுவில் உறுப்பினர்.